மிதக்கும் கொங்கிறீட்: லியாண்ட்ரோ லொக்சினைப் பற்றி ஒரு கேள்வி

கேள்வி (மொறட்டுவை மாணவி, வெள்ளவத்தை)

வணக்கம். நான் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை இரண்டாம் வருடம் படிக்கிறேன். ஆசியாவின் நவீன கட்டடக்கலைஞர் ஒருவரைப் பற்றி வகுப்பில் அரை மணி நேரம் பேச வேண்டும். நம் நாட்டுக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவாவைத் தவிர யாரையும் எடுக்கலாம் என்றார்கள். நான் பிலிப்பைன்ஸின் லியாண்ட்ரோ லொக்சினைத் தெரிவு செய்தேன். படங்களில் அவருடைய கட்டடங்கள் பெரும் கொங்கிறீட் பாளங்களாகவே தெரிகின்றன. ஆயினும் அவற்றில் பிலிப்பினோ மரபு இருக்கிறது என்று எழுதுகிறார்கள். ஓட்டுக் கூரையும் முற்றமும் தாழ்வாரமும் இருந்தால் அதை மரபு என்று விளங்கிக்கொள்வேன். கொங்கிறீட்டில் அது எங்கே இருக்கிறது? மேலும், அவர் பிலிப்பைன்ஸ் சர்வாதிகாரி மார்க்கோஸின் ஆட்சிக்காகக் கட்டியவர் என்று நண்பர் ஒருவர் சொன்னார். 1981இல் கட்டுமானத்தின்போது தொழிலாளர்கள் இறந்த மணிலாத் திரைப்பட மையமும் இவருடையதா?

பதில் 1 (ஓய்வுபெற்ற கட்டடக்கலைஞர், பம்பலப்பிட்டி)

பிள்ளை, அவருடைய வாழ்க்கையிலிருந்தே தொடங்குங்கள். 1928இல் நீக்ரோஸ் தீவில், கரும்பு விளையும் சீலாய் நகரில் பிறந்தவர். சட்டத்துக்கான ஆயத்தப் படிப்பில் தொடங்கி, அதை விட்டு, மணிலாவின் சாண்டோ தோமாஸ் பல்கலைக்கழகத்தில் இசை பயின்று, அந்தப் பட்டத்துக்கு ஒரு வருடமே மீதமிருந்தபோது கட்டடக்கலைக்கு மாறி, 1953இல் தேறினார். (நம்முடைய பாவாவும் சட்டத்திலிருந்து வந்தவர்தான்.)

இரண்டே வருடத்தில், 1955இல், டிலிமானில் உள்ள பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழக வளாகத்தில் திருப்பலித் தேவாலயம் எழுந்தது. முட்டை ஓடுபோல் மெல்லிய கொங்கிறீட் ஓட்டாலான குவிமாடம், நடுவில் பீடம், அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் மக்கள். ஓரங்கள் திறந்திருப்பதால் காற்றும் வெளிச்சமும் தாமாகவே உள்ளே வருகின்றன. தேவாலயம் என்றால் நீண்ட மண்டபம், அதன் கோடியில் பீடம் என்றே எல்லோரும் எண்ணியிருந்த காலம் அது. கத்தோலிக்க வழிபாட்டைச் சீர்திருத்திய இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடியதே 1962இல்தான். உள்ளே சிலுவைப் பாதை ஓவியங்கள் விசென்டே மனன்சாலாவுடையவை, சிலுவை நெப்போலியன் அபுவேவாவுடையது, தரை வடிவம் ஆர்துரோ லூஸுடையது. லொக்சினையும் சேர்த்து நால்வருமே பின்னாளில் தேசியக் கலைஞர்களானார்கள். ஒரு சிறிய ஆலயத்தில் இத்தனை பேர் சேர்ந்து உழைத்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடுகிறது.

உங்கள் மரபுக் கேள்விக்கு விடை வெட்டுமுகத்தில், அதாவது கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டிக் காட்டும் வரைபடத்தில், இருக்கிறது. அந்நாட்டுக் கிராமத்து வீடான பஹாய் கூபோ கால்களின் மேல் நிற்கும். கூரை தாழ்ந்து இறங்கி நிழல் தரும். தரைக்கும் வீட்டுக்கும் நடுவே காற்று ஓடும். 1969இல் மணிலா விரிகுடாவை நிரப்பிய நிலத்தில் திறக்கப்பட்ட கலாசார மையத்தைப் பாருங்கள். இரண்டு மாடி உயரமுள்ள டிராவெர்டைன் கல் பெட்டி ஒன்றை, மூன்று பக்கமும் வளைந்து நீளும் கொங்கிறீட் கைகள் தரையிலிருந்து 12 மீற்றர் உயரத்தில் தாங்குகின்றன. ஓலையும் மூங்கிலும் இல்லை. வீட்டைத் தூக்கி நிறுத்தும் எண்ணம் மட்டும் அப்படியே இருக்கிறது. அவர் மரபின் உருவத்தை விட்டுவிட்டு அதன் வேலையை எடுத்துக்கொண்டார் என்பதே என் முடிவு.

பதில் 2 (முன்பு மணிலாவில் பணியாற்றியவர், தெஹிவளை)

தங்கச்சி, திரைப்பட மையம் அவருடையது அல்ல. அதன் கட்டடக்கலைஞர் ஃப்ரொய்லான் ஹொங். அதே நிரப்பிய நிலத்தில் இருப்பதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஆனால் உங்கள் நண்பர் சொன்னதை மூடி மறைக்க வேண்டாம். கலாசார மையம் மார்க்கோஸின் மனைவி இமெல்டா மார்க்கோஸின் திட்டம். 1974இல் பிரபஞ்ச அழகி (மிஸ் யுனிவர்ஸ்) போட்டிக்காக நாட்டார் கலை அரங்கை 77 நாட்களில் கட்டி முடித்தார்கள். 1976இல் சர்வதேச மாநாட்டு மண்டபம் வந்தது. மூன்றையும் வரைந்தவர் லொக்சின். கட்டடம் நல்லது என்பதும், அதைக் கட்டிய அதிகாரம் கொடியது என்பதும் இரண்டுமே உண்மை. வகுப்பில் இரண்டையும் சொல்லுங்கள்.

கலாசார மையத்தின் கொங்கிறீட் வழுவழுப்பானது அல்ல. கடலை நிரப்பியபோது கிடைத்த சிப்பிகளை நொறுக்கிக் கலந்திருக்கிறார்கள். கையால் தடவினால் உள்ளங்கையில் சொரசொரக்கும். உச்சி வெயிலில் சாய்தளம் ஏறி அந்தப் பெட்டியின் அடியில் நின்றேன். வெக்கை சட்டென்று தணிந்து கடற்காற்று முகத்தில் பட்டது. ஐயா சொல்லும் நிழல் என்னவென்று அன்றுதான் உணர்ந்தேன்.

மாணவி

இருவருக்கும் மிக்க நன்றி. பெரும் தவறு ஒன்றை மேடையில் சொல்லியிருப்பேன். அவருடைய பிற்காலத்தையும் சேர்க்க வேண்டுமா?

பதில் 3 (ஓய்வுபெற்ற கட்டடக்கலைஞர்)

சுருக்கமாகச் சேருங்கள். 1,788 அறைகள் கொண்ட புரூணை சுல்தானின் அரண்மனை 1984இல் முடிந்தது. ஆனால் அதன் அளவைச் சொல்வதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். டிலிமான் ஆலயம் அதைவிடப் பெரிய சாதனை. 1990இல் தேசியக் கலைஞர் விருது பெற்றார், 1994இல் மறைந்தார். மணிலாப் பெருநகரின் மகாட்டியில் அவர் கட்டிய இன்டர்கொன்டினென்டல் ஹோட்டலையும் பழைய அயாலா அருங்காட்சியகத்தையும் இடித்துவிட்டார்கள் என்பதையும் கட்டாயம் சொல்லுங்கள். கொழும்பில் இருக்கும் நமக்கு அது புதிய செய்தி அல்லவே.

பேசுவதற்கு முன் ஆலயத்தின் வெட்டுமுகத்தை உங்கள் கையாலேயே ஒரு தடவை வரைந்து பாருங்கள். அந்த ஓடு எவ்வளவு மெல்லியது என்பது பென்சில் கோட்டில்தான் பிடிபடும். வரைந்ததை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.