பூசை போட்ட வாய்க்கால், அளந்து பார்த்த வாய்க்கால்: உங்க ஊர் அனுபவம் என்ன?

வெட்டாற்றங்கரை

இந்தச் சித்திரையில எங்க ஊர் சி வாய்க்காலுக்கு (வயலுக்குத் தண்ணி கொண்டு வர்ற கிளை வாய்க்கால்) தூர்வாரப் பூசை போட்டாங்க. ஜேசிபிக்கு மாலை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், கற்பூரம், கொடியசைப்பு, எல்லாம் முறையா நடந்துச்சு. பொன்னாடை மட்டும் 11 எண்ணினேன். வாரினது மூணு பக்கெட் மண்ணு. அப்புறம் வண்டி பக்கத்து ஊர்ப் பூசைக்குக் கிளம்பிடுச்சு. அங்கேயும் அதே மாலைதான், வாடாம இருந்துச்சு.

மூணாம் நாள் வண்டி திரும்பி வந்து பிள்ளையார் கோயில் பாலம் வரைக்கும் வாரிட்டுப் போச்சு. பாலத்துக்குக் கிழக்கே காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் அப்படியே கிடக்கு. பாலத்தடியில வச்ச போர்டுல 'நீளம் 1,850 மீட்டர்'னு பெயின்ட் மணக்க மணக்க எழுதியிருக்கு.

மே 1 கிராம சபையில எழுந்து கேட்டேன், பாலத்துக்குக் கிழக்கே எப்போன்னு. முன்னால நாற்காலியில இருந்தவர் "நல்ல கேள்வி, குறிச்சுக்கிட்டோம்"னார். எதுல குறிச்சார்னு எட்டிப் பார்த்தேன். கையில பேனாவே இல்லை.

2025 ஜனவரி 5-ஓட எங்க மாவட்டத்துல ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் பதவிக்காலம் எல்லாம் முடிஞ்சுபோச்சு. அதுலேர்ந்து தனி அலுவலர்தான். ஒன்றியத்துல இருக்குற அத்தனை ஊராட்சிக்கும் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஒருத்தரே. எங்க வாய்க்கால் எந்தத் திசையில ஓடுதுன்னு அவருக்குத் தெரியலைன்னா அவரை நான் குத்தம் சொல்ல மாட்டேன்.

திட்டித் தீர்க்கறதுக்காக இதைக் கேக்கலை. உங்க ஊர்ல யாராவது, ஒரு தடவையாவது, ஜனத்துக்கு முன்னாடி நின்னு நேரடியா பதில் சொல்லிப் பார்த்திருக்கீங்களா? பார்த்ததை மட்டும் எழுதுங்க.

நடவுக்காரி

நான் பார்த்திருக்கேன் அண்ணே. நூறு நாள் வேலைக்குப் போறவ நான். சமூகத் தணிக்கைன்னு வருசா வருசம் வருவாங்க, பள்ளிக்கூடத்துல உட்கார்ந்து டீ குடிப்பாங்க, கையெழுத்து வாங்கிட்டுப் போயிடுவாங்க. ஒரு வருசம் வந்த நாலு பொண்ணுங்க அப்படி இல்லை. வேற ஊராட்சிக்காரங்க. வீடு வீடா வந்து வேலை அட்டையை வாங்கி, பேங்க் புஸ்தகத்தோட ஒட்டிப் பார்த்துச்சுங்க.

கடைசி நாள் மாரியம்மன் கோயில் திடல்ல கிராம சபை. அதுல ஒரு பொண்ணு வருகைப் பட்டியலை ஒவ்வொரு பேரா வாசிச்சுது. மைக் வேற கரகரன்னுது. பேர் வந்தா கை தூக்கணும். பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க மாதிரி 'உள்ளேன் அம்மா'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சுக்கிட்டிருந்தோம். ஒரு பேருக்கு யாரும் கை தூக்கலை. திரும்ப வாசிச்சுது. என் பக்கத்துல இருந்த அக்கா முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு எழுந்திரிச்சுச்சு.

"அது எம்மவங்க. திருப்பூர் போயி ஒன்றரை வருசமாச்சு. வாரா வாரம் போன் பண்ணுவா. மண்வெட்டி புடிச்சேன்னு ஒரு நாளும் சொல்லலியே?"

சிரிப்பு நின்னு போச்சு. பணித்தளப் பொறுப்பாளர் அங்கதான் நிக்கிறாரு. எங்க வீட்டுக்காரருக்குப் பங்காளி முறை. 34 நாள் அந்தப் புள்ள பேர்ல வேலை ஏறியிருக்கு. பணம் அவ கணக்குக்குத்தான் போயிருக்கு, ஏ.டி.எம். கார்டு வேற ஒருத்தர் கையில. அந்தக் கதை பெருசு, இங்க வேண்டாம். பட்டியல் வாசிச்ச பொண்ணு சத்தம் போடலை. "நீங்க சொன்னதை அப்படியே எழுதிக்கவா அம்மா?"ன்னு கேட்டு எழுதி, எழுதினதைத் திரும்ப வாசிச்சுக் காட்டுச்சு. பணத்தைத் திருப்பிக் கட்டினாங்க. அடுத்த கிராம சபையில ரசீதைக் காட்டினாங்க, நானே கையில வாங்கிப் பார்த்தேன்.

அதுக்கப்புறம் நடந்ததையும் சொல்லணும். மூணு மாசம் குழாயடியில அந்த அக்காகூட யாரும் சரியா முகம் கொடுத்துப் பேசலை. கார்டு வச்சிருந்தவங்க வீட்டுக் கல்யாணத்துக்கு எங்க தெருவுல பாதிப் பேருக்குப் பத்திரிகை வரலை. ஊருக்குள்ள கேள்வி கேக்கறதுன்னா இவ்வளவும் இருக்கு.

இப்போ காலையில ஒண்ணு, மதியம் ஒண்ணு செல்லுல போட்டோ புடிக்கிறாங்க, அதுதான் வருகைப் பதிவாம். போட்டோவுக்கு நிக்கறதே ஒரு வேலையாப் போச்சு. பேரை வாசிச்ச அன்னிக்கு வந்த பயம் போட்டோவுக்கு வரலை.

ஓய்வு வாத்தியார்

கிராம சபைப் பேச்சு என்றாலே உத்திரமேரூர்க் கல்வெட்டில்தான் தொடங்குவார்கள். குடம், ஓலை, ஓலையை எடுக்கும் சிறு பையன், எல்லாம் தவறாமல் வரும். எங்கள் பக்கத்துக் கல்வெட்டு இல்லை, தொண்டை மண்டலத்தது; ஆண்டவன் நம் சோழன் என்பதால் சொந்தம் கொண்டாடிக்கொள்கிறோம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டியவை. வாரியத்தில் (ஊர் நிர்வாகக் குழுவில்) உறுப்பினராக இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடவோலைக்கு எழுதக் கூடாது, அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரையும் எழுதக் கூடாது என்று அதே கல்லில் இருக்கிறது. இதை மேடையில் எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. சொன்னால் முன்வரிசையில் பாதி நாற்காலி காலியாகிவிடும்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. கால்வேலி நிலமும் சொந்த மனையும் உள்ளவனுக்குத்தான் ஓலை. நடவுக்காரி அம்மாவுக்கும் கிடைத்திருக்காது, எனக்கும் கிடைத்திருக்காது.

ஜமாபந்தி பார்த்திருப்பீர்கள். பசலி ஆண்டு (வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டு) முடிகிற ஜூனை ஒட்டி, கிராமக் கணக்கைத் தணிக்கை செய்யத்தான் அது. இப்போது பந்தல், சால்வை, மனு வாங்குகிற படம். வி.ஏ.ஓ. வைத்திருக்கும் நில அளவைச் சங்கிலியை மேசைமேல் பரப்பி வைத்திருப்பார்கள். பெரிய அதிகாரி அதைத் தொட்டுப் பார்ப்பார், படம் எடுப்பார்கள். அந்தச் சங்கிலி வயலில் இறங்கி எத்தனை வருஷமாயிற்றோ.

பேர் வேணாம், கிளார்க்னு வச்சுக்குங்க

ஊராட்சி செயலரா இருக்கேன். ஊர் சொல்ல மாட்டேன். எல்லாரும் எங்களையே சொல்றீங்க, கொஞ்சம் இந்தப் பக்கத்தையும் கேளுங்க.

501-லேர்ந்து 3,000 வரை ஜனத்தொகை இருந்தா கிராம சபைக்கு 100 பேர் வரணும். 10,000 வரைன்னா 200 பேர். எங்க ஊருக்கு 200. வர்றது அறுபது, எழுபது. மீதிக் கையெழுத்துக்கு நோட்டு சாயங்காலம் வீடு வீடாப் போகும். முன்னல்லாம் வருசத்துக்கு நாலு கூட்டம், 2022-லேர்ந்து மார்ச் 22, நவம்பர் 1 ரெண்டும் சேர்ந்து ஆறு. கூட்டப் பொருள் மேலேயிருந்து பட்டியலா வரும். டெங்கு, பிளாஸ்டிக், மழைநீர்ன்னு நான் வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள வெயில் உச்சிக்கு வந்துடும். ஊர்ச் சங்கதி 'இதர பொருள்'ல கடைசி. அதுக்குள்ள பாதிப் பேர் சுண்டல் வாங்கிக்கிட்டு நடையைக் கட்டிடுவாங்க.

ஒரு தடவை அப்படி இல்லை. அப்போ எங்க ஊர்த் தலைவர் ஒரு அம்மா. புதுசு. அவங்க வீட்டுக்காரர்தான் தலைவர்ன்னு ஊரே நினைச்சுக்கிட்டிருந்துச்சு, நானும்தான். அன்னிக்கு அந்தம்மா, "மொத்தத் தொகையை வாசிக்காதீங்க தம்பி, பில்லு பில்லா வாசிங்க"ன்னாங்க. எனக்கு வேர்த்துச்சு. குடிதண்ணி மோட்டார் காயில் கட்டின செலவு வந்துச்சு. ஒரே மோட்டார், ஒரே வருசத்துல அஞ்சு தடவை. வாசிச்சுட்டு நிமிர்றேன், புளியமரத்தடியில காயில் கட்டுற ஆளு உட்கார்ந்திருக்கார். "நான் ரெண்டு தடவைதாங்க கட்டினேன்"ன்னார். கோவமாகூடச் சொல்லலை. கணக்கைத் திருத்துற மாதிரி சொன்னார்.

மீதி மூணு பில்லும் என் கையெழுத்துல போனதுதான். யார் சொல்லிப் போட்டேங்கிறது எனக்கும் சொன்ன ஆளுக்கும் தெரியும். அத்தனை பேர் முன்னாடி 'நான்தான் எழுதினேன்'னு சொன்னேன். பணம் கட்டினேன், மேல விளக்கம் எழுதிக் குடுத்தேன், வீட்டுல ரெண்டு நாள் சாப்பிடலை. அதுலேர்ந்து மாசா மாசம் மோட்டார், தெருவிளக்கு, பிளீச்சிங் பவுடர் செலவைத் தண்ணித் தொட்டிச் சுவத்துல சாக்பீஸ்ல எழுதிப் போடுறேன். நேர்மைன்னு பெருமையடிச்சுக்க மாட்டேன். பயம்தான். எந்த மரத்தடியில யார் உட்கார்ந்திருப்பாங்கன்னு தெரியாது பாருங்க.

மன்னார்குடிப் பக்கம்

எங்களது சின்னக் கதை. பக்கத்து ஊர்ல நெல் கொள்முதல் நிலையம் திறந்தாங்க. ரிப்பன், தராசுக்குச் சந்தனம் குங்குமம், முதல் 40 கிலோ மூட்டையை எடை போடுற போட்டோ. மறுநாள் சாக்கு இல்லை. அதுக்கு மறுநாளும் இல்லை. ஒன்பது நாள் ரோட்டோரம் நெல்லைக் கொட்டிக் காவல் இருந்தோம், பத்தாம் நாள் மழை. ஈரப்பதம் 17-ஐத் தாண்டிட்டுதுன்னு திருப்பிட்டாங்க. ரிப்பன் வெட்டினவருக்குப் போன் போட்டேன். எடுத்தார், பொய் சொல்லக் கூடாது. "அதான் திறந்தாச்சே"ன்னார்.

கடைமடையான்

வெட்டாற்றங்கரை அண்ணே, பூசையைக் குத்தம் சொல்லாதீங்க. நாங்க தலைஞாயிறுக்குத் தெற்கே. ஜூன் 12 மேட்டூர் திறந்தா, பூவும் நெல்லும் தூவுற படத்தை அன்னிக்கே டி.வி.யில பார்ப்போம், தண்ணியைப் பார்க்க இன்னும் எத்தனையோ நாளாகும். 2024-ல மேட்டூரே ஜூலை 28-லதான் திறந்தாங்க. புதுத்தண்ணி மதகுக்கு வந்தா எங்கப்பா துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு விழுந்து கும்பிடுவார். அந்த மதகுப் பூசைக்கு லஸ்கர் (மதகைத் திறந்து மூடுற பாசன ஊழியர்) வந்தே ஆகணும். கற்பூரம் அணையுறதுக்குள்ள யாருக்கு எந்த நாள் முறைன்னு அவர் வாயால சொல்லணும். குடிமராமத்துக்கு (ஊரே சேர்ந்து வாய்க்கால் வெட்டுற வேலைக்கு) வராத வீட்டுக்காரன் அன்னிக்குத்தான் பணம் வைக்கணும். பூசைன்னா அதுக்குள்ள இதெல்லாம் இருந்துச்சு. இப்போ கற்பூரம் மட்டும் மிஞ்சியிருக்கு.

நீங்க கேட்டதுக்கு வர்றேன். கஜா புயலுக்கு (2018 நவம்பர் 16) அடுத்த வருசமோ அதுக்கு அடுத்த வருசமோ, ஒரு உதவிப் பொறியாளர் அம்மா ஸ்கூட்டியில தனியா வந்தாங்க. கேமரா இல்லை, கூட ஆள் இல்லை. "எந்த மடை வரைக்கும் தண்ணி வரலை?"ன்னு கேட்டாங்க, அவ்வளவுதான். செருப்பைக் கழட்டி கரையில வச்சுட்டு வாய்க்காலுக்குள்ள இறங்கி, அளவுகோலை ஊனி ஊனி நடந்தாங்க. ஒவ்வொரு அளவையும் சத்தமா சொல்லி எம் புக்குல, அதான் வேலையோட அளவுப் புத்தகத்துல, எழுதினாங்க. ஒரு மீட்டர் ஆழம் இருக்கணும், பாதி இடத்துல அறுபது சென்டிதான். ஒப்பந்தக்காரர் கரையிலேயே யார் யாருக்கோ போன் போட்டார். "பேசிக்குங்க, மண்ணை எடுத்துட்டு வந்து பில் கேளுங்க"ன்னாங்க. ஒரு வாரத்துல வண்டி திரும்ப வந்துச்சு.

இதோட நிறுத்தினா நல்ல கதைதான். ஆனா எடுத்த மண்ணை அவங்க கொட்டச் சொன்ன இடம் வடிகால் ஓரம். ஐப்பசி மழைக்கு அந்த மண்ணு சரிஞ்சு வடிகாலை அடைச்சுடுச்சு, நாலு வீட்டு இளம்பயிர் தண்ணிக்குள்ள. சண்டை போடத்தான் போனோம். அந்தம்மா கேட்டுட்டு, "இடம் சொன்னது நான்தான். தப்பு என்னோடதுதான்"ன்னாங்க. மறுநாள் கரையை வெட்டி விட்டாங்க. பயிர் போனது போனதுதான், நஷ்ட ஈடும் வரலை. என் நாலு மா நிலமும் அதுல உண்டு. ஆனாலும் சண்டை போடாமத் திரும்பி வந்தோம். முப்பது வருசமா ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்குறேன், அந்த வார்த்தையை வேற யார் வாயிலேர்ந்தும் கேட்டதில்லை.

ஓய்வு வாத்தியார்

வெட்டாற்றங்கரைக்கு ஒரு யோசனை. தகவல் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 2 (ஜே). காகிதத்தில் நகல் கேட்பது மட்டுமில்லை, வேலையையும் ஆவணத்தையும் நேரில் பார்வையிடும் உரிமையும் அதில் உண்டு. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். 'ஏன் தூர்வாரவில்லை' என்று கேட்காதீர்கள், அதற்கு விளக்கவுரை வரும். 'அந்த வேலையின் அளவுப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும்' என்று மட்டும் எழுதுங்கள்.

வெட்டாற்றங்கரை

சார் சொன்னபடியே எழுதிப் போட்டேன். 28-ஆம் நாள் கூப்பிட்டாங்க. போன வாரம் போய் எம் புக்கைப் பார்த்தேன். 1,850 மீட்டரும் முழுசா ஏறியிருக்கு, கீழே கையெழுத்து. பாலம்கிற வார்த்தையே எங்கேயும் இல்லை.

ஓவர்சியர் சின்னப் பையன், இங்க வந்து நாலு மாசம்தான் ஆகுதாம், அந்தக் கையெழுத்து அவரோடது இல்லை. சத்தம் போடலாம்னுதான் உட்கார்ந்திருந்தேன். நடவுக்காரி தங்கச்சி சொன்ன அந்தப் பொண்ணு ஞாபகம் வந்துச்சு. "தம்பி, பாலத்துலேர்ந்து அளந்துடுவோமா? நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்"ன்னு மட்டும் கேட்டேன். ரொம்ப நேரம் புத்தகத்தையே பார்த்துக்கிட்டிருந்தார். அப்புறம், "ஞாயித்துக்கிழமை வர்றேன் சார். ஆபீஸ் டேப்பு அறுந்து கிடக்கு, நீங்க ஒண்ணு பார்த்து வைங்க"ன்னார்.

கொத்தனார் கிட்ட 50 மீட்டர் டேப்பு இருக்கு. வேலைக்கு எடுத்துட்டுப் போயிருக்காராம், சனிக்கிழமை ராத்திரி குடுத்து விடுறேன்னார். பூசைக்கு வந்தவங்க எல்லாருக்கும் சொல்லி விட்டிருக்கேன், காலையில ஏழு மணி, பிள்ளையார் கோயில் பாலம்னு. பொன்னாடை கிடையாதுங்கிறதையும் சேர்த்தே சொல்லச் சொன்னேன்.