புதுப்பிப்பு: பைக் கூலன்ட் மாற்றியாச்சு
காரைக்குடி வெயிலில் ரேடியேட்டர் ஃபேன் ஓயாமல் ஓடுகிறது, எந்தக் கூலன்ட் (இன்ஜின் சூட்டைத் தணிக்கும் திரவம்) ஊற்றலாம் என்று முன்பு கேட்டிருந்தேன் அல்லவா? மாற்றியாச்சு. நிறம் பார்த்து வாங்கச் சொன்னவர்கள் மன்னிக்கவும். பச்சையும் சிவப்பும் வெறும் சாயம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வண்டிக் கையேட்டில் சொன்னபடி, அலுமினிய இன்ஜினுக்கேற்ற, சிலிக்கேட் என்ற சேர்ப்புப் பொருள் இல்லாத, எத்திலீன் கிளைக்கால் என்ற திரவத்தை மூலமாகக் கொண்ட வகையை எடுத்தேன். கான்சன்ட்ரேட் (தண்ணீர் கலக்காத அடர் திரவம்) என்பதால் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர் கலந்தேன். போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம், உள்ளே உப்புப் படியும்.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறந்தோம். பழையது கலங்கலாக, அளவும் குறைந்தே இருந்தது. வடித்து, அலசி, புதிதை ஊற்றி, காற்றுக்குமிழ் வெளியேற இன்ஜினை ஓடவிட்டு மறுபடி நிரப்பினோம். தேவகோட்டை வரை போய் வந்தேன். ஃபேன் இடையிடையேதான் சுழல்கிறது. அப்புறம், வடித்ததை வாசலில் கொட்டாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாய்கள் நக்கும், கடும் விஷம்.