குகை இருட்டில் எடுத்த படத்தில் கறுப்புப் பட்டைகள்: அஜந்தா போகும் முன் உதவி தேவை

கானாடுகாத்தான்:
அடுத்த மாதம் அஜந்தா, எல்லோரா போகிறோம். ஒத்திகைக்காக எங்கள் வீட்டு உள்ளறைகளிலும், அனுமதி கேட்டு குன்றக்குடி மலையடிவாரக் குடைவரையிலும் எடுத்துப் பார்த்தேன். மிரர்லெஸ் கேமரா, அதோடு வந்த 18-55 லென்ஸ். எல்.இ.டி. விளக்கு எரியும் இடத்தில் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள். இருட்டான இடத்தில் ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளி உணர்திறன்) 800-க்கு மேல் போகாமல் எடுத்து, கணினியில் வெளிச்சம் கூட்டினால் மணல் தூவியது போல் புள்ளிகள். அங்கே ஃபிளாஷ் கூடாதாம். லென்ஸ் மாற்றினால் தீருமா?

தேவகோட்டையான்:
பட்டைக்கும் லென்ஸுக்கும் சம்பந்தமே இல்லை தம்பி. சத்தம் வராத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்திருப்பீர்கள். அதில் சென்சார் வரிசை வரிசையாகப் பதியும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்.இ.டி. நொடிக்கு 100 தடவை துடிக்கும். மங்கும் நேரத்தில் பதிந்த வரிசைகள்தான் பட்டை. ஷட்டர் வேகத்தை 1/100, 1/50, 1/25 நொடி இவற்றில் ஒன்றில் வையுங்கள். எல்லா வரிசைக்கும் முழுத் துடிப்பாகக் கிடைக்கும், பட்டை போய்விடும்.

புள்ளிக்கு மருந்து ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டுவதுதான். 3200-க்குத் தயங்காமல் போங்கள், ரா (RAW) கோப்பாக, அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் வடிவத்தில், எடுங்கள். குறைத்து எடுத்துப் பிறகு ஏற்றினால் நிழல் பகுதி நாறிவிடும்.

பள்ளத்தூர் ஆச்சி:
35 எம்.எம். எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்கிவிடுங்கள் (எஃப் எண் குறைந்தால் லென்ஸின் திறப்பு பெரிது). உங்கள் லென்ஸை 55 வரை இழுத்தால் எஃப் 5.6தான், அதைவிட இது பத்து மடங்கு வெளிச்சம் வாங்கும். அஜந்தா 1-ஆம் குகைப் பத்மபாணி (தாமரை ஏந்திய போதிசத்துவர்) ஓவியத்துக்கு இதுதான் சரி.

தேவகோட்டையான்:
ஓவியத்துக்குச் சரி ஆச்சி, 26-ஆம் குகையில் என்ன செய்வார்? பரிநிர்வாணப் புத்தர் (உயிர் நீக்கும் கோலத்தில் உள்ள சிலை) ஏறத்தாழ 7 மீட்டர் நீளம், தூண் வரிசைக்குப் பின்னால் ஒடுங்கிய இடத்தில் படுத்திருக்கிறார். பின்வாங்க இடம் கிடையாது, அகலமாகப் பிடிக்கும் 18 எம்.எம். இருந்தால்தான் ஆகும். சிலை அசையப்போவதில்லை, மூச்சை அடக்கி 1/25-இல் நாலைந்து படம் தொடர்ச்சியாக எடுத்தால் ஒன்று கூர்மையாக விழும். ஸ்டாண்டுக்குத் தொல்லியல் துறையின் முன்அனுமதி வேண்டும், அந்த அலைச்சல் வேண்டாம்.

கானாடுகாத்தான்:
அண்ணே, 1/50-இல் பட்டை சுத்தமாகப் போய்விட்டது! வீட்டில் வளவு (முற்றம்) வெயிலில் நின்று இருட்டறையை எடுத்துப் பழகினால் போதுமா?

தேவகோட்டையான்:
பாதிதான் உதவும். ஆத்தங்குடித் தரைக்கல்லும் வெள்ளைச் சுவரும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். அஜந்தாவின் கரும்பாறை விழுங்கிவிடும். கறுப்பைக் கண்டதும் கேமரா தானாக வெளிச்சம் கூட்டிக் கல்லைச் சாம்பல் நிறமாக்கும். எக்ஸ்போஷரைக் கொஞ்சம் மைனஸில் வையுங்கள். ஃபோகஸ் அலைந்தால் நிழலும் ஒளியும் சந்திக்கும் விளிம்பில் வைத்துப் பிடியுங்கள். குகை வாசலில் வெயில் நீலமாகவும் உள்ளே விளக்கு மஞ்சளாகவும் கலந்து வரும். ரா கோப்பாக இருந்தால் பிறகு சரிசெய்துகொள்ளலாம், அங்கே நின்று மெனக்கெட வேண்டாம்.

பள்ளத்தூர் ஆச்சி:
சரி, 18-55-ஐயும் எடுத்துப் போகட்டும். ஓவியம் உள்ள 1, 2, 16, 17-ஆம் குகைகளில் மட்டும் 35-ஐ மாட்டுங்கள். அப்புறம், டிக்கெட் போடும்முன் கிழமை பாருங்கள்: அஜந்தாவுக்குத் திங்கள் விடுமுறை, எல்லோராவுக்குச் செவ்வாய்.