தும்பியின் கண்ணும் சிறகும் ஒரே படத்தில் தெளியவில்லை

மூன்று வாரமாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநில ஓரத்தில் தும்பிகளைப் படமெடுக்கிறேன். கண் தெளிந்தால் சிறகு மங்குகிறது. இரண்டும் சேர்ந்து ஒரு படம்கூட அமையவில்லை.

எடுப்பது பிராக்கிதெமிஸ் கன்டாமினேட்டா ஆண். சிறகில் ஆரஞ்சு நிறம் படர்ந்த சிறு தும்பி. ஏபிஎஸ்-சி (சற்றே சிறிய சென்சார்) கேமரா, மிக அருகில் எடுக்க உதவும் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ், காலை 6:30 முதல் 8 மணி வரை, லென்ஸ் துளை எஃப்/5.6, ஷட்டர் 1/500 நொடி.

தெளியும் ஆழம் கூடட்டுமென்று துளையைச் சுருக்கி எஃப்/16 வைத்தேன். ஷட்டர் 1/60க்கு இறங்கியது. கோரைத் தண்டு காற்றில் ஆட, எல்லாமே கலங்கிவிட்டது. பிளாஷ் போட்டால் கூட்டுக்கண்ணில் வெள்ளைப் பொட்டு எரிகிறது. ஒளி பரவட்டுமென்று பிளாஷ்மேல் பட்டர் பேப்பர் ஒட்டினேன், பொட்டு பால்போலப் படர்ந்ததுதான் மிச்சம். குவியத்தை நகர்த்திப் பல படங்களை அடுக்கலாமென்றால், இரண்டாவது படத்துக்குள் தலையைத் திருப்பிவிடுகிறது. பக்கவாட்டில் நின்றால் தலை முதல் வால் நுனி வரை அழகாகத் தெளிகிறது, என் பக்கம் நீண்ட சிறகு மட்டும் வெறும் புகை. மேலிருந்து குனிந்தால் நிழல் பட்டுப் பறந்துவிடுகிறது. சற்று நேரத்தில் அதே தண்டுக்குத் திரும்பி வந்து அமர்வதால்தான் இன்னும் நம்பிக்கையோடு காத்திருக்கிறேன்.

பிளாஷ் இல்லாமல் கண்ணும் சிறகு நுனியும் சேர்ந்து தெளிய, எந்தக் கோணத்தில், எவ்வளவு தொலைவில் நின்று எடுக்கிறீர்கள்?