புதுப்பிப்பு: மகளின் சீலியாக் பரிசோதனை முடிவு வந்தது

டைப் 1 சர்க்கரை உள்ள என் 9 வயது மகளுக்கு வயிற்றுத் தொந்தரவே இல்லையே, சீலியாக் (கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைப் பாதிக்கும் நோய்) பரிசோதனை எதற்கு என்று போன மாதம் கேட்டிருந்தேன். எடுத்துவிட்டோம். ரத்தத்தில் டிடிஜி ஐஜிஏ (சீலியாக்கைக் காட்டும் எதிர்ப்பொருள்) அதிகம். மொத்த ஐஜிஏவும் (அந்த வகை எதிர்ப்பொருள் மொத்தம் எவ்வளவு என்று) பார்த்தார்கள். அது குறைவாக இருந்தால் முதல் முடிவு இயல்பாக வந்தாலும் நம்ப முடியாதாம். எண்டோஸ்கோபியில் (குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பது) உறுதியானது. அதுவரை சப்பாத்தியை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் நோய் தெரியாமல் போய்விடும் என்றார் டாக்டர். இதை மறக்காதீர்கள்.

இனி அவளுக்குக் கோதுமை கூடாது. நல்லவேளை, தருமபுரியில் களிக்குப் பஞ்சமில்லை. கேழ்வரகில் குளூட்டனும் கிடையாது. ஆனால் மில்லில் எங்களுக்கு முன்னால் கோதுமை அரைத்திருந்தார்கள், முதல் கை மாவு வெளுப்பாகவே விழுந்தது. அப்புறம் வீட்டு மிக்ஸிதான். கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு சேர்க்கிறார்கள், டப்பாவைப் படியுங்கள். அவள் தம்பிக்கும் அடுத்த வாரம் ரத்தம் எடுக்கிறோம்.