ஆறு தவணை போனோம், வழக்கே இல்லை: சட்டத்தரணிகளிடம் நமக்கு நேர்ந்தவை

விசுவமடுவிலிருந்து:

தவணைக்கு முதல்நாள் இரவு அம்மா சிரட்டைக்கரி போட்டு ஸ்திரிக்கைப் பெட்டியைச் சூடாக்கி, அப்பாவின் வெள்ளைச் சட்டையைத் தேய்த்து ஆணியில் மாட்டிவைப்பார். விடியுமுன் அப்பா புறப்பட்டுவிடுவார். பரந்தன் வரை ஒரு பஸ், அங்கிருந்து ஏ9 வழியாக வவுனியாவுக்கு இன்னொரு பஸ். நீதிமன்ற வாசலில் வேப்பமர நிழலில் நிற்பார். பத்தரை மணியளவில் சட்டத்தரணியின் உதவியாளர் வந்து, "தவணை போட்டாயிற்று ஐயா, நீங்கள் போகலாம்" என்பார். உள்ளே போய் உட்காரட்டுமா என்று அப்பா ஒருமுறை கேட்டிருக்கிறார். "உங்கள் பெயரைக் கூப்பிடத் தேவையில்லை, சேர் பார்த்துக்கொள்வார்" என்று பதில் வந்ததாம். இப்படி ஆறு தவணை.

எங்கள் காணி வவுனியா நகரத்துக்கு அருகே இருக்கிறது. பாட்டனார் பெயரிலிருந்து அப்பாவுக்கு வந்த உறுதிக் காணி. 1990 இல் அங்கிருந்து இடம்பெயர்ந்து வன்னிக்குள் வந்தோம். பாதை பூட்டியிருந்த காலத்தில், 1997 அளவில், வேறொருவர் அதை வேலியடைத்து வீடு கட்டிவிட்டார். நம் இலங்கைச் சட்டப்படி உறுதிப் பத்திரம் கையில் இருந்தாலும் போதாது. இன்னொருவர் 10 ஆண்டுகள் தடையில்லாமல், தனக்கே உரியதென்று ஆண்டுவந்தால் நீதிமன்றம் காணியை அவருக்கே தீர்க்கலாம். போரினால் நீதிமன்றம் போக முடியாதவர்களுக்கு இது பெரிய அநியாயம் என்பதால்தான் 2016 ஏப்ரலில் ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்த 10 ஆண்டுக் கணக்கில் சேர்க்காமல் விடச் செய்தது அது. ஆனால் சட்டம் நடைமுறையில் இருந்தது 2 ஆண்டுகள்தான். அதற்குள் வழக்குப் போட வேண்டியிருந்தது.

அப்பா 2017 மாசியில் போனார். நேரம் தாராளமாக இருந்தது. முதலில் 25,000 ரூபாய் கொடுத்தார். பிறகு கச்சான் விற்ற காசில் 30,000, மாடு விற்று 35,000. ஒன்றுக்கும் பற்றுத் துண்டு இல்லை. படித்த மனிதரிடம் துண்டு கேட்பது மரியாதைக் குறைவென்று அப்பா நினைத்தார். வழக்கு இலக்கத்தைக் கேட்டபோது, சட்டத்தரணி தன் விசிட்டிங் கார்டின் பின்புறத்தில் நீலப் பேனாவால் எழுதிக் கொடுத்தார். அதை அப்பா அடையாள அட்டையோடு சேர்த்துப் பொலித்தீன் உறையில் வைத்திருந்தார்.

2019 ஆவணியில் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை. நான் போனேன். வேப்பமரத்தடியில் நிற்க எனக்குப் பொறுமை இல்லை. நேரே பதிவாளர் கந்தோருக்குப் போய்க் கார்டை நீட்டினேன். இலிகிதர் ஏட்டைப் புரட்டிவிட்டு, இது வேறு யாரோ இருவருக்கு இடையிலான கடன் வழக்கு என்றார். அப்பாவின் பெயரைச் சொல்லித் தேடச் சொன்னேன். முன்னும் பின்னுமாக மூன்று ஆண்டு ஏடுகளைப் பார்த்தார். அப்பாவின் பெயரில் எந்த வழக்கும் இல்லை. அதற்குள் விசேட சட்டத்தின் 2 ஆண்டுகளும் முடிந்து ஒன்றேகால் வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

காசு போனதைச் சொல்லி நான் அழவில்லை. போரில் இழந்ததைச் சட்டம் ஒரு கதவு திறந்து திருப்பிக் கேட்க விட்டது. அந்தக் கதவு பூட்டும் வரை ஒருவர் எங்களை வெளியே நிறுத்திவைத்தார். இதை என்னால் மறக்க முடியவில்லை. அப்பா 2021 இல் இறந்துவிட்டார். யாரிடம் முறையிடுவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இப்படி நடந்தவர்கள் வேறு யாரும் இருந்தால் நீங்களும் எழுதுங்கள்.

மல்லாவியிலிருந்து:

தங்கச்சி, வாசித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தேன். எனக்கு நடந்தது நொத்தாரிசு விஷயம். அரை ஏக்கர் வாங்கினேன். இரண்டு சாட்சிகளோடு கையெழுத்து வைத்தோம். பதிவுச் செலவையும் சேர்த்தே கொடுத்தேன். இரண்டு வருடம் கழித்து வங்கிக் கடனுக்காகக் காணிப் பதிவகத்தில் தேடுதல் எடுத்தால் என் உறுதி பதியப்படவே இல்லை.

உறுதி எழுதிய நொத்தாரிசு அதன் இரண்டாம் பிரதியை அடுத்த மாதம் 15 ஆம் திகதிக்குள் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். ஆனால் பிரதி அனுப்புவது வேறு, உறுதியைப் பதிவது வேறு. இந்த வித்தியாசம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. விற்றவர் அதே காணியை இன்னொருவருக்கும் எழுதி, அவர் முந்திப் பதிந்திருந்தால் சட்டம் அவர் பக்கமே சாய்ந்திருக்கும். நல்ல காலம், அப்படி நடக்கவில்லை.

நொத்தாரிசு வேலையில் தவறென்றால் பதிவாளர் நாயகம் திணைக்களத்துக்கு எழுதலாம். நொத்தாரிசுகள் 1907 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறார்கள். நான் எழுதிய கடிதத்தின் பிரதியைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். அந்தக் கிழமையே பதிந்து கொடுத்தார். எல்லாரும் கையெழுத்து வைத்த அடுத்த மாதமே பதிவகத்துக்குப் போய் நீங்களே தேடிப் பாருங்கள். அன்றைய பஸ் காசைப் பார்க்க வேண்டாம்.

முருங்கனிலிருந்து:

நுகர்வோர் சட்டப்படி கேட்க முடியாதா? என் மச்சான் திருச்சியில் இருக்கிறான், அவனிடம் கேட்டேன். அங்கே இப்போது அந்த வழி இல்லையாம். வழக்கறிஞரின் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2024 மே 14 இல் தீர்ப்பளித்துவிட்டது.

நெடுங்கேணியிலிருந்து:

நான் ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியன். முறைப்பாட்டு வழியைச் சொல்கிறேன்.

என் பாட்டன் காலத்தில் அப்புக்காத்து, பிறக்கிராசி என்று இரண்டு வகையினர் இருந்தார்கள். 1974 இல் இரண்டையும் ஒன்றாக்கிச் சட்டத்தரணி என்றார்கள். அவர்களைச் சேர்ப்பதும் நீக்குவதும் நாட்டின் அதியுயர்ந்த நீதிமன்றமான நம் உயர் நீதிமன்றமே. 1978 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் 42 ஆம் பிரிவு, வஞ்சகம், தொழில் முறைகேடு, குற்றம் ஆகியவற்றுக்கு இடைநிறுத்தவும் பெயரை நீக்கவும் உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. மூன்று நீதியரசர்கள் கூடியிருந்தே அதைச் செய்ய வேண்டும். நடத்தை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 1988 ஆம் ஆண்டின் விதிகள் தனியாக உண்டு. சட்டத்தரணிகள் சங்கத்துக்கு எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் பெயரை நீக்கும் அதிகாரம் சங்கத்துக்கு இல்லை. இங்கே பலர் சங்கத்துக்கு ஒரு கடிதம் போட்டுவிட்டு அதோடு நின்றுவிடுகிறார்கள்.

பிள்ளை, வெறும் கடிதம் போதாது. சத்தியக்கடதாசி, அதாவது சத்தியம் செய்து கையெழுத்து வைத்த வாக்குமூலம், இணைக்க வேண்டும். கோபத்தை எழுதாதீர்கள், திகதி, தொகை, இடம், யார் முன்னிலையில் என்று எழுதுங்கள். அந்த விசிட்டிங் கார்டின் இரு பக்கமும் பிரதி எடுத்து இணையுங்கள். அந்த இலக்கத்தில் உண்மையில் இருக்கும் வழக்கு எதுவென்று காட்ட நீதிமன்ற ஏட்டின் அத்தாட்சிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பியுங்கள். துண்டு இல்லாத உங்களுக்கு அதுதான் பெரிய சாட்சி.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒழுக்க விசாரணை காசைத் திருப்பித் தராது. அதற்குத் தனி வழக்கு வேண்டும். எழுத்தில் உள்ள உடன்படிக்கைக்கு 6 ஆண்டுகள், வாய்ப் பேச்சுக்கு 3 ஆண்டுகள்தான். துண்டு கேட்கக் கூச்சப்படாதீர்கள் என்று வாசலில் நின்ற எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! உடன் தொழில் செய்பவருக்கு எதிராக வர உள்ளூர்ச் சட்டத்தரணிகள் தயங்குவார்கள், அதுவும் உண்மை. சட்ட உதவி ஆணைக்குழுவைக் கேட்டுப் பாருங்கள். வருமானம் குறைந்தவர்களுக்காகவே 1978 இல் சட்டம் போட்டு அமைத்தது அது.

புதுக்குடியிருப்பிலிருந்து:

எல்லாரையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டாம். 2010 இல் என் தம்பியின் விஷயமாக ஒரு சட்டத்தரணி இரண்டு வருடம் அலைந்தார். முகாமிலிருந்து வந்த எங்களிடம் தேத்தண்ணீர்க் காசுகூட வாங்கவில்லை. மற்றவர் செய்யும் வஞ்சகம் அவரையும் அல்லவா சுடுகிறது. அதனால்தான் தங்கச்சி முறையிட வேண்டும் என்கிறேன்.

விசுவமடுவிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. நெடுங்கேணி ஐயா சொன்னபடியே செய்தேன். ஏட்டின் பிரதி கிடைத்தது. அப்பா போன ஆறு தவணைகளில் நான்கின் திகதிகள் அம்மாவின் கலண்டரில் வட்டமிட்டபடி இருந்தன. அந்தத் தாள்களையும் இணைத்தேன்.

நேற்றுச் சமாதான நீதவான் வீட்டுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் ஓய்வுபெற்ற அதிபர். சத்தியக்கடதாசியை மெதுவாக வாசித்துக் காட்டினார். அம்மா நின்றபடியே கேட்டார். கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை. கையெழுத்து வைத்துவிட்டு, "கொழும்பில் விசாரணை என்றால் அப்பாவின் பெயரைக் கூப்பிடுவார்களா?" என்று என்னிடம் கேட்டார். முறைப்பாட்டில் முதல் வரியிலேயே அப்பாவின் பெயர் இருக்கிறது அம்மா என்றேன்.

இன்று காலை பதிவுத் தபாலில் உயர் நீதிமன்றப் பதிவாளருக்கு ஒன்று, சட்டத்தரணிகள் சங்கத்துக்கு ஒன்று அனுப்பினோம். இரண்டு துண்டுகளையும் அம்மா அந்தப் பழைய பொலித்தீன் உறைக்குள் வைத்துவிட்டார்.