சின்னத் திருட்டுக்குச் சிறுவனை எந்தக் கோர்ட்டில் நிறுத்துவது?

மலைநாட்டான்:
செல்போனோ சைக்கிளோ திருடிய பையனின் வழக்கை உள்ளூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டே விசாரிக்கட்டும். வால்பாறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரிலேயே கோர்ட் இருக்கிறது. ஆனால் பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால், சிறார் வழக்குகளை விசாரிக்க கோயம்புத்தூரில் இருக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போக வேண்டும். 40 கொண்டை ஊசி வளைவு இறங்கி, சுமார் 100 கிலோமீட்டர். ஒவ்வொரு வாய்தாவுக்கும் பையனுக்குப் பள்ளிக்கூடம் போச்சு, கூட வரும் அம்மாவுக்கு எஸ்டேட் கூலி போச்சு. இந்த அலைச்சலே ஒரு தண்டனை.

கருப்புக்கோட்டு:
தூரம் பிரச்சினைதான் அண்ணே, மறுக்கவில்லை. ஆனால் கோர்ட் வராந்தாவை நினைத்துப் பாருங்கள். ரிமாண்ட் கைதிகள், போலீஸ், கட்சிக்காரர் கூட்டம். நடுவில் எட்டாம் வகுப்புப் பையன். டவாலி அவன் பெயரை உரக்கக் கூப்பிடுவார். சின்ன ஊரில் அன்று சாயங்காலமே எல்லாருக்கும் தெரிந்துவிடும். இதனால்தான் மத்திய அரசின் 2016 இளைஞர் நீதி மாதிரி விதிகள், குழுமம் கோர்ட் வளாகத்துக்குள் அமரவே கூடாது என்கின்றன.

2015 இளைஞர் நீதிச் சட்டப்படி அதிகபட்சம் 3 ஆண்டு தண்டனை உள்ளவை சிறு குற்றங்கள். விசாரணையை 4 மாதத்தில் முடிக்க வேண்டும். நீட்டித்தால் இன்னும் 2 மாதம். அப்போதும் முடியாவிட்டால் வழக்கே முடிந்துபோகும். மற்ற கோர்ட்டில் இந்தக் கடிவாளம் ஏது?

மலைநாட்டான்:
அப்போது போனைப் பறிகொடுத்தவருக்கு என்ன பதில்? அப்புறம், குழுமத்தில் இருப்பவரும் முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்தானே. அவருக்குக் கொடுக்கும் பயிற்சியை இங்கே இருப்பவருக்கும் கொடுக்கலாமே.

கருப்புக்கோட்டு:
அவர் தனியாக இல்லையே. சமூகப் பணியாளர் இரண்டு பேர் கூட இருக்கிறார்கள், அதில் ஒருவர் கட்டாயம் பெண். பையன் பள்ளியை விட்டு நின்றானா, வீட்டில் குடிப்பிரச்சினையா, பெரியவர் யாராவது ஏவிவிட்டார்களா என்று சமூகப் பின்னணி அறிக்கையை வைத்துப் பார்க்கிறார்கள். அறிவுரை சொல்லி வீட்டுக்கு அனுப்பலாம், ஆற்றுப்படுத்தலுக்கு (கவுன்சலிங்) அனுப்பலாம், சமூக சேவை செய்யச் சொல்லலாம். நாளைக்கு அவன் வேலைக்குப் போகும்போது இந்த வழக்கு குறுக்கே நிற்காது என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது.

ஆழியாறு:
இருவருக்கும் ஒரு கேள்வி. பையன் ஏன் இறங்கி வரவேண்டும்? மாதம் ஒருநாள் குழுமம் மலையேறட்டும். கோர்ட்டுக்கு வெளியே ஓர் அறை போதும். அதற்கேற்ப விதியைத் திருத்தச் சொல்லிக் கேட்போம்.

மலைநாட்டான்:
வந்தால் சந்தோஷம் தம்பி. விதி திருந்தும் வரை பஸ் ஏறுவது அந்த அம்மாதான். அதனால் சிறு குற்றத்துக்கு மட்டுமாவது உள்ளூர் மாஜிஸ்திரேட், மூடிய அறையில், அதே பின்னணி அறிக்கையை வைத்து விசாரிக்கட்டும் என்கிறேன்.